பால் பொங்கிய நேரம்

பெர்கன்
20 ஒக்டோபர் 1996

அன்புள்ள பத்மசீலி அக்காவுக்கு,

வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஆளில்லாத வகுப்பில் நின்று இடாப்புக் கூப்பிட்டேன். கூப்பிட்டதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, பதிலும் நானே சொன்னேன். தினுஷிக்குக் கீச்சுக் குரல், ஓஷதவுக்கு மூக்கடைத்த குரல், அந்த இரட்டையர்களுக்கு ஒரே குரலை இரண்டு தடவை. நன்றாகத்தான் வந்தது. தினுஷி பிந்தி வந்ததற்கு அவளைக் கொஞ்சம் கண்டித்தும் விட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஓட்வார் நிற்கிறார், தரை துடைக்கும் தடியை நெஞ்சோடு அணைத்தபடி. அந்தக் கிறிஸ்தவ மண்டபத்தின் காவல்காரராக இத்தனை வருஷம் இருந்து எவ்வளவோ பார்த்திருப்பார். ஐம்பதைத் தொடப்போகும் பஸ் சாரதி ஒருவன் வெறும் கதிரைகளைப் பார்த்துக் கீச்சிடுவதைப் பார்த்திருக்க மாட்டார். மெல்லிய குரலில், "வீட்டில ஆருக்காவது ஃபோன் பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

ஆக, பெர்கன் சிங்களப் பாடசாலையின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய லயனல் ஹேவாகே என்ற நான் இப்போது அதன் ஒரே மாணவனும் ஆகிவிட்டேன். ஏப்ரலில் நாம் இரண்டாகப் பிரிந்தபோது பாதிப் பிள்ளைகள் உங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். ஜூனில் உபதிஸ்ஸ அண்ணன் காலமாகி, நீங்களும் மகள் வீட்டோடு போனபிறகு அவர்கள் என்னிடம் திரும்பி வரவில்லை. என்னிடம் இருந்த பாதியை மழையும் உதைபந்தாட்டமும் பிரித்துக்கொண்டன. ஒரு தாய் சொன்னார், "பத்மசீலி டீச்சர் வந்தா நாங்களும் வாறம், இல்லாட்டி எங்கட பிள்ளை உங்களிட்ட என்னத்தைப் படிக்கிறது, பஸ் ஓட்டவா?" நியாயமான கேள்வி.

மண்டபத்துக்காரர்கள் ஏப்ரல் வரை பொறுப்பார்களாம். பிறகு ஞாயிற்றுக்கிழமையை எடை குறைப்போர் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் புத்தாண்டுப் பலகாரம், கொக்கிசும் கெவுமும் பொரித்த அடுக்களையில் அவர்கள் தராசு வைப்பார்கள்.

நீங்கள் வரவேண்டும் அக்கா. ஒவ்வொரு வாரமும் வரச் சொல்லவில்லை, அவ்வளவு தூரம் என்பது தெரியும். புத்தாண்டுக்கு மட்டும் வந்து அடுப்பை நீங்கள் மூட்டினால் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
தம்பி லயனல்

*

துரொண்ட்ஹைம்
9 நவம்பர் 1996

லயனலுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. எட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாயே, அதில் ஒரு எழுத்தையாவது பார்த்து எழுதியிருக்கலாம்.

அடுப்பைப் பற்றி எனக்கு எழுதாதே. அவருடைய ஏழாம் நாள் தானத்துக்கு வந்த எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அடுப்பைப் பற்றித்தான் பேசினார்கள். நேரம் தப்பிக் காய்ச்சிய பால் யாரையாவது கொண்டுபோகாமல் விடாது என்றார்கள். நீ வெளியே, சப்பாத்து அடுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாய். உனக்கும் கேட்டிருக்கும். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இங்கே ருவனி ஆஸ்பத்திரியில் முறை மாற்றி வேலை செய்கிறாள். வீட்டில் நானும் மருமகன் ஸ்டெய்னும்தான். நல்ல பிள்ளை. என் மொழியில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் தேநீர். அதனால் நான் எது சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வருகிறான். முந்தாநாள் அவருடைய நினைவு வந்து வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டேன். அதற்கும் ஒரு கோப்பை வந்தது.

நான் வரவில்லை.

பத்மசீலி

*

பெர்கன்
24 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். நான் சொல் கேட்கிறவன் என்றால் அண்ணன் சொன்னதை அன்றே கேட்டிருப்பேன்.

அந்தக் காலையை நான் எப்படிக் கண்டேன் என்று ஒரு தடவை முழுதாகச் சொல்லவிடுங்கள். மாத்தறையில் இருந்து உங்கள் தங்கை குசுமாவின் பொதி வந்தது. கொக்கிஸ் அச்சு ஒன்று, அதோடு வருஷா வருஷம் மாறும் புத்தாண்டுச் சுபநேரங்களை அச்சடித்த நெக்கத் தாள். தாள் கசங்கி, மேல் ஓரம் கிழிந்து, எண்ணெய் பட்டிருந்தது. நான்தான் அதை இஸ்திரி போட்டு அடுக்களை ஆணியில் மாட்டினேன். காலை பத்தேமுக்காலுக்கு அடுப்பு மூட்டிப் பால் பொங்கவேண்டும் என்று இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, அது ஊர் நேரம், இங்கே அப்போது ஏழேகால், ஏழேகாலுக்குத்தான் மூட்டவேண்டும் என்றார். நானோ, மண்டபச் சாவி பத்து மணிக்குத்தான் கிடைக்கும், இங்கத்தைய மணிக்கூட்டில் பத்தேமுக்கால் என்று வைத்துக்கொள்வோம் என்றேன். உண்மையில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எழும்பப் பஞ்சி. இதையும் எழுதிவிட்டேன்.

அன்று மூன்று செங்கல்லை வைத்து, நடுவில் கூடாரம் அடிப்பவர்கள் கொண்டுபோகிற சின்ன எரிவாயு அடுப்பை ஒளித்து, பானையை ஏற்றினேன். நெருப்பு மணி அடிக்காமல் இருக்க ஓட்வார் கதிரையில் ஏறி நின்று அதற்கு ஈரத் துணி கட்டினார். பிள்ளைகள் வெள்ளை உடுத்து வட்டமாக நின்றார்கள். அப்போதுதான் அண்ணன் வந்தார். வந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

"லயனல், சூரியன் உனக்காக ரெண்டாம் தரம் வருமோ?"

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். பெற்றோர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க என் நாக்குச் சும்மா இருக்குமா? "அண்ணே, சம்பளம் வாங்கிறது நோர்வே நேரத்தில, பால் காய்ச்சிறதும் அதிலதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள், அவர்கள் பெரியவர்கள் சிரித்ததால் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் பின்னால் போனீர்கள். உங்கள் பின்னால் பாதி மண்டபம். பால் பொங்கி அடுப்பையே அணைத்தது. எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்க்கக்கூட ஒருவரும் இல்லை.

அதன்பிறகு அண்ணன் என் பஸ்ஸில் ஏறவில்லை. காலையில் சலவைக்கூட வேலைக்குப் போக என் வழியில் உள்ள தரிப்பில்தான் நிற்பார். நான் வருவதைக் கண்டால் நேர அட்டவணையைப் படிக்கத் தொடங்குவார். இங்கத்தைய மழை உங்களுக்குத் தெரியும். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே இருப்பேன், உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், அவர் அசையமாட்டார், நனைந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஏப்ரல், மே முழுக்க இப்படி. ஜூனில் ஒரு நாள் தரிப்பில் அவர் இல்லை.

நான் நேரம் காலம் பார்க்கிறவன் இல்லை அக்கா. அண்ணன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், மடித்த விரிப்புகளுக்கு நடுவில் விழுந்தார் என்று கேட்டபோது எனக்கு அவருடைய இரத்த அழுத்தம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வந்தது அந்த மூன்று செங்கல்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நேரத்தால்தான் என்று நீங்களும் நினைக்கிறீர்களா? ஆம் என்றாலும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதைவிட அது நல்லது.

லயனல்

*

பெர்கன்
12 ஜனவரி 1997

அக்காவுக்கு,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. பதில் இல்லாததுதான் பதில் என்று வீட்டில் சுனேத்ரா சொல்கிறாள். அவள் சமைத்துக்கொண்டே சொன்னாள், திரும்பிப் பார்க்கவில்லை.

கேளுங்கள் ஒரு கதையை. போன சனிக்கிழமை தினுஷியின் வீட்டார் புது வீட்டுக்குப் போனார்கள். விளக்கு ஏற்றும் நேரம் வந்தது, தீப்பெட்டி என் பக்கத்தில் இருந்தது, எடுத்தேன். தினுஷியின் தகப்பன் மிகவும் மரியாதையாக, "அண்ணே, நீங்க இருங்க, நீங்க களைச்சுப்போய் வந்திருக்கிறீங்க" என்று சொல்லி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுபோலத் தீப்பெட்டியை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். புதிதாக வெள்ளை அடித்த சுவர், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு எனக்குப் பாற்சோறு இரண்டு துண்டு கூடுதலாகக் கிடைத்தது. அதையும் தின்றேன். வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்.

வருகிற வழியில் நேசராசாவின் கடையில் தேங்காய் வாங்கினேன். ஊரில் தமிழர்களும் நாங்களும் எப்படி இருக்கிறோம் என்பது வேறு. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் தேங்காய் அவர் கடையில்தான். அவர்களுடைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கதிரை போதவில்லையாம். எனக்குக் கதிரை மிச்சம், வேண்டுமென்றால் தருகிறேன் என்றேன். உங்கள் ஆட்கள் நேரத்துக்குச் சண்டை பிடித்துப் பிரியவில்லையா என்றும் கேட்டுவைத்தேன். மனிதர் தேங்காயைத் தட்டிப் பார்த்தபடி சொன்னார்: "எங்களிட்ட ரெண்டு பஞ்சாங்கம் இருக்குத் தம்பி. சண்டை வரும், போகும். நாங்கள் ரெண்டு தரம் வடை சுடுவம்."

நாம் ஒரு தரமாவது ஒழுங்காகச் சுட்டிருக்கலாம்.

என் மகன் கசுன் இனி வரமாட்டானாம். ஏனென்று கேட்டேன். "அங்க ஆரோட கதைக்கிறது, அப்பா?" என்றான். அதையும் நோர்வேஜிய மொழியில்தான் கேட்டான். ஓட்வாரோடு என்று சொல்ல நினைத்தேன்.

ஏப்ரலுக்குப் பிறகு நான் அந்த மண்டபத்துக்குப் போகவேண்டிய தேவை இருக்காது. அதுவரைக்கும் ஞாயிறுகளில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, முதல் எழுத்தை எழுதிவிட்டு வருகிறேன். அயன்ன. அடுத்த ஞாயிறு போனால் அது அப்படியே இருக்கும். துடைத்துவிட்டு அதையே திரும்ப எழுதுகிறேன்.

லயனல்

*

துரொண்ட்ஹைம்
2 பெப்ரவரி 1997

லயனல் தம்பிக்கு,

தீப்பெட்டிக் கதையைப் படித்த பிறகு எனக்கு இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் இனியும் இறங்காது.

நீ கேட்டதற்குப் பதில், "இல்லை" என்பதுதான். அந்த நேரத்தால் இல்லை.

புத்தாண்டு அன்று காலை அவர் விடிய முதலே எழும்பிக் குளித்தார். வெள்ளைச் சாரம் உடுத்தார். எங்கள் வீட்டு மின்சார அடுப்பில், புதுப் பானையில், சரியாக ஏழேகாலுக்குப் பால் வைத்தார். நான் பாதித் தூக்கத்தில் வாசலில் நின்றேன். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது, அடுப்பு முழுக்கக் கருகிப்போகும் என்று நான் துணியை எடுக்க, என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பாத்தியா பத்மா, நேரம் எண்டா இதுதான்" என்றார். சின்னப் பிள்ளைபோல நின்று பார்த்தார். அந்த வெளிச்சத்தோடுதான் மண்டபத்துக்கு வந்தார். உனக்குச் சொல்லத்தான் வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை.

ஆகவே பெர்கன் நகரத்தில் அன்று ஒரு வீட்டில் சரியான நேரத்துக்குப் பால் பொங்கியது. அந்த வீட்டில்தான் ஜூனில் சாவு விழுந்தது.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தானத்துக்கு வந்தவர்கள் உன் பெயரைச் சொன்னபோது ஒரு வார்த்தை போதும், சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு நான் யாரைப் போய்க் கேட்பது? ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனிதர் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது ஏன் விழுந்தார் என்று டாக்டர் சொன்னார், எனக்கு விளங்கவில்லை. உன் பெயர் விளங்கியது. அதனால் அதை வைத்துக்கொண்டேன். குளிருக்குப் போர்த்துக்கொள்வதுபோல.

இன்னொன்று. பஸ் கதையை நீ அழுதுகொண்டு எழுதியிருக்கிறாய். அவர் அதை வீட்டில் எப்படிச் சொல்வார் தெரியுமா? நனைந்து ஊறி வந்து, சப்பாத்தைக் கழற்றி உள்ளே இருக்கிற தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே, "இண்டைக்கும் கதவைத் திறந்து பிடிச்சான் மடையன். பின்னுக்கு இருந்த கிழவி அவனைப் பேசுறாள். நான் அட்டவணையைப் பாக்கிற மாதிரி நிக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பார். போதும், ஏறுங்கள், சளி பிடிக்கப்போகிறது என்றேன். "இன்னும் ஒரு மாசம் அலையட்டும். பிறகு ஏறுவன்" என்றார்.

அந்த மாதம் முடியவில்லை.

நான் ஏப்ரலுக்கு வருகிறேன். தினுஷியின் தகப்பனுக்கும் மற்றவர்களுக்கும் நடந்ததை நானே சொல்கிறேன், நீ சொன்னால் நம்பமாட்டார்கள், உன் முகம் அப்படி. ஒரே ஒரு நிபந்தனை. இந்தத் தடவை அவர் சொன்னபடி, ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டு அந்த நேரத்துக்குத்தான் அடுப்பு மூட்டவேண்டும். விடியற்காலை என்றாலும் சரி. எழும்பப் பஞ்சி என்றால் முதல்நாளே மண்டபத்தில் போய்ப் படு.

அக்கா

*

பெர்கன்
16 பெப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கடைசித் தரிப்பில், பஸ்ஸை நிறுத்திவிட்டுப் படித்தேன். புறப்படும் நேரம் தாண்டிவிட்டது. ஏறி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். இந்த ஊரில் நேரம் பிந்திய பஸ்ஸை மன்னித்த முதல் ஆள் அவர்.

"இன்னும் ஒரு மாசம் அலையட்டும்." அண்ணனின் குரல் அப்படியே கேட்டது. நான் அலைந்தேன்தானே அக்கா, நன்றாகவே அலைந்தேன். அவர் ஏறாமல் போய்விட்டார். சந்தோஷப்படுவதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. என்மேல் இருந்த பாரத்தை எடுத்துவிட்டீர்கள், சரி. அது இருந்த இடம் இப்போது வலிக்கிறது.

ஓட்வாரிடம் பேசினேன். ஏழு மணிக்கு முன்னமே சாவி வேண்டும், கடவுள் காரியம் என்றேன். எந்தக் கடவுள் என்று கேட்டார். பால் காய்ச்சுகிற கடவுள் என்றேன். தானே வந்து திறந்து, மணிக்குத் துணியும் கட்டிவிடுகிறாராம். நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னதும் தினுஷியின் வீடு, இரட்டையர்களின் வீடு, ஓஷதவின் வீடு எல்லாம் சரி என்றுவிட்டன. கசுன்கூட, பாற்சோறு இருந்தால் வருவானாம். மண்டபத்துக்காரர்கள் பிள்ளைகளைக் கண்ணால் கண்டால் இன்னும் ஒரு வருஷம் தருவார்கள். எடை குறைப்போர் வேறு எங்காவது போய்க் குறைக்கட்டும்.

ஒரு சின்னச் சிக்கல். ஊரில் மின்சாரத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் மணிக்கூட்டையே முன்னே தள்ளிவைத்திருக்கிறதாம். அண்ணன் போட்ட கணக்கு இந்த வருஷத்துக்கு உதவாது, அரை மணித்தியாலம் வித்தியாசம் வரும். இருந்திருந்தால் அரசாங்கத்தோடும் சண்டைக்குப் போயிருப்பார்.

போன தடவைபோல இந்தத் தடவையும் குசுமாவிடம் சொல்லி நெக்கத் தாள் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பழையது அடுக்களை ஆணியில் இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் கூடியதும் நான் ஒரு வார்த்தை பேசப்போகிறேன், பயப்படாதீர்கள், பகிடி விடமாட்டேன். இந்த நகரத்தில் சரியான நேரத்துக்குப் பால் பொங்கவைத்த ஒரே மனிதர் உபதிஸ்ஸ அண்ணன் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர் கணக்குச் சரி, என் கணக்குப் பிழை. அதை ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொன்னால் எனக்குப் போதும்.

தம்பி லயனல்

*

துரொண்ட்ஹைம்
23 மார்ச் 1997

லயனல் தம்பிக்கு,

புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னதாக ரயிலில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பாதே. அந்தக் காலையில் எந்த நம்பர் பஸ் ஓட்டுகிறாய் என்று மட்டும் எழுது, அவர் நின்ற தரிப்பில் நிற்கிறேன். கதவைத் திறந்தால் ஏறுவேன்.

பிள்ளைகளுக்குப் புதுச் சிலேட்டு வேண்டாம், பழையது போதும். உனக்கு ஒன்று வாங்கி வை.

பேச்சைச் சுருக்கமாகப் பேசு. நேரத்தைப் பற்றிப் பேசாமல் விட்டாலும் நல்லது. ஏனென்று கீழே எழுதுகிறேன். உனக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் வைத்துக்கொண்டு நான் செய்தது போதும்.

குசுமாவின் பதில் வந்திருக்கிறது. இந்த வருஷத்து நெக்கத் தாளும் அதற்குள் இருக்கிறது, கொண்டுவருகிறேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அக்கா, போன தடவை அனுப்பியதுபோல என்று எழுதியிருக்கிறீர்கள். போன தடவை நான் நெக்கத் தாள் எதுவும் அனுப்பவில்லையே, அச்சு மட்டும்தானே அனுப்பினேன். கப்பலில் துருப்பிடிக்கும் என்று அதற்கு எண்ணெய் தடவி, சுவரில் கிடந்த முந்தின வருஷத்துத் தாளைக் கிழித்துச் சுற்றியிருந்தேன்."